கடைசலுக்குப் பின் வெளிப்பட்ட துளைகள்: டைட்டானியம் வார்ப்படங்களை எப்படிச் செப்பனிடுவது?

பம்புக்கூடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடல்நீர்ப் பம்புகளுக்கான உறைகளை வார்ப்படமாக வாங்கி, கடைசல் செய்து கொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில் பொறியாளராக இருக்கிறேன். துருவேறா எஃகிலும் வெண்கலத்திலும் 12 ஆண்டுகள் பழகியிருந்தாலும், டைட்டானியம் எனக்குப் புதிது. இம்முறை வந்தவை இரண்டு உறைகள். 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த கலப்புலோகத்தை, இடித்து இறுக்கிய கிராஃபைட் அச்சில் ஊற்றி எடுத்தவை. எக்ஸ்ரே அறிக்கையில் இரண்டும் தேறியிருந்தன. ஆயினும் விளிம்பு வளையத்தின் முகத்தை 3 மி.மீ. கடைந்து இறக்கியவுடன், முதல் உறையில் ஓரிடத்திலும் இரண்டாவதில் இரண்டு இடங்களிலும் துளைகள் தென்பட்டன. பெரியது ஏறக்குறைய 2 மி.மீ. அகலம்; அதைச் சுற்றி ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிகள். அந்த இடத்தில் விளிம்பின் தடிப்பு 40 மி.மீ.; முகத்தில் இன்னும் 1.5 மி.மீ. கடைசல் மிச்சம் வைத்திருக்கிறோம்.

மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உறை வரும் முன்பே கவனக்குறைவாக ஒரு தவறு நடந்திருக்கிறது. முதல் உறை தரையில் நிற்கும் பாதமான காலில், வார்த்துக் கொடுத்த இடத்திலேயே யாரோ ஒரு குழியைப் பற்றவைத்து நிரப்பியிருக்கிறார்கள்; அதற்கான ஆவணம் எதுவும் இல்லை. மேற்பரப்பு வெள்ளியாக மின்னுகிறது, ஆனால் ஓரத்தில் கம்பித் தூரிகை தேய்த்த கோடுகளும், அவற்றுக்கு நடுவே நீல நிறத்தின் மிச்சமும் தெரிகின்றன.

என் கேள்விகள் இவை. விளிம்பில் உள்ள துளைகளை டிக் முறையில் (டங்ஸ்டன் எலெக்ட்ரோடும் காப்பு வாயுவும் கொண்ட மின்வில் பற்றவைப்பு) நேரடியாக நிரப்பலாமா? சூட்டோடு நாற்புறமும் அழுத்தும் ஹிப் உலைக்கு அனுப்பினால் அவை தாமாகவே மூடிக்கொள்ளுமா? காலில் உள்ள பழைய ஒட்டை என்ன செய்வது?

சுடர்முனை எழுதியது:

வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள்: அந்தத் துளைகளில் என்ன இருக்கிறது என்று தெரியும் வரை யாரையும் டார்ச் எடுக்க விடாதீர்கள். எஃகு வார்ப்படத்தில் துளையைச் சுற்றிக் கொஞ்சம் அரைத்து நிரப்பிவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். டைட்டானியத்தில் அந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. நீங்கள் சொல்வது வாயுக் குமிழி இல்லை, சுருக்கத் துளை என்றே தோன்றுகிறது. தடித்த விளிம்பு கடைசியாக உறைகிறது. உறையும்போது சுருங்கும் உலோகத்துக்கு ஈடுகொடுக்க உருகிய உலோகம் வந்து சேராமல், கிளைவிட்ட பஞ்சு போன்ற வெற்றிடங்கள் நடுவில் தங்கிவிடுகின்றன. உங்கள் கண்ணுக்குத் தெரியும் 2 மி.மீ. துளை அந்தப் பஞ்சின் ஒரு வாய் மட்டுமே.

இந்த உலோகத்தில் இக்குறை அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. டைட்டானியம் உருகுவது 1668 °செ-இல். உருகிய நிலையில் ஏறத்தாழ எல்லாப் பீங்கான் வகைகளோடும் வினைபுரிகிறது. அதனால் நீர் ஓடிக் குளிரும் செம்புக் கிண்ணத்தில், வெற்றிடத்தில், மின்வில்லால் உருக்குகிறார்கள். கிண்ணத்தை ஒட்டி உறைந்த டைட்டானியமே ஓடு போல நின்று உருகியதைத் தாங்குகிறது. கிண்ணம் குளிர்ந்தே இருப்பதால் உலோகத்தை உருகுநிலைக்கு மேல் அதிகம் சூடேற்ற முடிவதில்லை. குறைந்த சூட்டில் ஊற்றினால், நிரம்பாத மூலைகளும் இரண்டு ஓட்டங்கள் சேர்ந்தும் சேராத குளிர்மடிப்புகளும் வரத்தான் செய்யும். மைய விலக்கு விசையில் சுழற்றி ஊற்றினாலும் இவை முழுவதும் ஒழிவதில்லை. ஆகவே வார்ப்படத்தில் பற்றவைத்துச் செப்பனிடுவது வெட்கப்படத்தக்க செயலன்று. விமானப் பாகங்களை வார்ப்பவர்களும் அதை வழக்கமான ஒரு படியாகவே செய்கிறார்கள். எழுதாமல் செய்வதும் நிறத்தைத் துடைத்து மறைப்பதும்தான் தவறு.

செய்முறையை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். துளை இருக்கும் இடத்தைப் புதிய கார்பைடு பர் (சுழலும் வெட்டுமுனை) கொண்டு தோண்டுங்கள். எஃகில் பயன்படுத்திய பர்ரையும் அரவைக்கல்லையும் அருகில் கொண்டுவராதீர்கள். இரும்புத் துகள் உள்ளே பதிந்துவிடும். வேகத்தைக் குறைத்து, விட்டு விட்டு அரையுங்கள். இந்தக் கலப்புலோகத்தின் வெப்பக் கடத்தல், ஒரு பாகை வேறுபாட்டில், மீட்டருக்கு 7 வாட்டுக்கும் குறைவு. சூடு போக வழியின்றி அரைத்த இடத்திலேயே தங்கி, அங்கேயே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். குழியின் வடிவம் அகலக் கிண்ணமாக இருக்கட்டும். வாய் ஆழத்தைவிட அகலமாகவும், அடி வளைவாகவும், பக்கங்கள் சாய்வாகவும் இருந்தால்தான் மின்வில்லும் வாயுவும் அடி வரை போய்ச் சேரும். தோண்டத் தோண்டப் புதுத் துளை வந்துகொண்டே இருந்தால், அந்த வார்ப்படம் உங்களுக்கு ஏதோ சொல்கிறது என்று கொள்ளுங்கள்.

பிறகு சுத்தம். அசிட்டோனும் இழை உதிராத துணியும் போதும். குளோரின் கலந்த கரைப்பான் வேண்டாம். மெத்தனாலும் வேண்டாம். 1966-இல் அப்பல்லோ விண்கலத்தின் டைட்டானியத் தொட்டி ஒன்றில் எரிபொருளுக்குப் பதிலாக மெத்தனாலை நிரப்பி அழுத்தச் சோதனை செய்தபோது, தகைவும் அரிப்பும் சேர்ந்து தாக்கித் தொட்டி உடைந்தது. உங்கள் உறையில் அந்த அழுத்தம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வார்ப்படத்தின் உள்ளே உறைந்த தகைவு இருக்கிறது. சுத்தம் செய்த பின் வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது.

பற்றவைப்பதற்கு டிக், நேர்மின்னோட்டம், எலெக்ட்ரோடு எதிர்முனையில். வாயு 99.999 விழுக்காடு தூய ஆர்கான். டார்ச்சின் மூக்கிலிருந்து வரும் வாயு மட்டும் போதாது. உருகிய குட்டையைக் கடந்த பிறகும் 400 °செ-க்குக் கீழே ஆறும் வரை அந்த உலோகம் காற்றைக் குடிக்கும். எனவே பின்னால் தொடரும் காப்புக் கவசமும், அடிப்பக்கத்தில் ஆர்கானும் வேண்டும். உறை சிறிதாக இருந்தால், ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள்ளேயே வைத்துச் செய்யுங்கள். அதற்கு இணை வேறில்லை. வேலையைத் தொடங்கும் முன் அதே பெட்டியில் ஒரு கழிவு டைட்டானியத் துண்டில் சிறு குட்டை ஒன்றை உருக்கிப் பாருங்கள். பளபளக்கும் வெள்ளி நிறம் வந்தால் தொடரலாம். வெளிர் வைக்கோல் நிறத்தைப் பலர் ஏற்கிறார்கள். நீலமும் ஊதாவும் வந்தால் வாயு கசிகிறது. சாம்பலும் உதிரும் வெள்ளைப் பொடியும் வந்தால் அந்த உலோகம் கெட்டுவிட்டது. குழியை நிரப்ப உருக்கும் ஃபில்லர் கம்பியின் சூடான நுனியை வாயுவுக்கு வெளியே இழுத்துவிட்டால், அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மறுபடி குட்டையில் தொட வேண்டும். இதை மறந்தவர்கள் எத்தனையோ நல்ல ஒட்டுகளை வீணாக்கியிருக்கிறார்கள்.

உறையின் காலிலுள்ள பழைய ஒட்டைப் பொறுத்தவரை என் தீர்ப்பு தெளிவானது. நீலத்தைத் தூரிகையால் துடைத்தால் போவது நிறம் மட்டுமே. உள்ளே கரைந்த ஆக்சிஜனும் நைட்ரஜனும் அங்கேயேதான் இருக்கும். அந்த ஒட்டு முழுவதையும் தோண்டி எடுங்கள்.

இரும்பில்லா_உலோகவியல் எழுதியது:

சுடர்முனை அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஹிப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டதால் அதை எழுதுகிறேன். அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்.

இந்தக் கலப்புலோகத்துக்கு வழக்கமான ஹிப் நிலை ஏறத்தாழ 900 °செ, 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தம், 2 மணி நேரம். வார்ப்படத்தின் நடுவில் அடைபட்ட சுருக்கத் துளையில் ஏறக்குறைய வெற்றிடம்தான் இருக்கிறது, ஏனென்றால் ஊற்றியதே வெற்றிடத்தில். வெளியிலிருந்து ஆயிரம் வளிமண்டல அழுத்தம் நெருக்க, சூட்டில் இளகிய உலோகம் மெல்ல ஒழுகித் துளையின் சுவர்களைச் சேர்த்துவிடுகிறது. சேர்ந்த சுவர்கள் ஒட்டுவதிலும் டைட்டானியத்துக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: சுவரில் மெல்லிய ஆக்சைடு இருந்தாலும் அந்தச் சூட்டில் உலோகமே அதைக் கரைத்து உள்வாங்கிக்கொள்கிறது. அலுமினியத்தில் இது நடக்காது.

ஆனால் துளைக்கு வெளியே ஒரு வாய் இருந்தால், அழுத்தும் ஆர்கான் அந்த வாய் வழியே உள்ளேயும் போய்விடும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகி, துளை அப்படியே இருக்கும். நீங்கள் கடைந்து திறந்துவிட்ட துளைகள் இந்த வகை. எனவே இப்போதைய நிலையில் நேராக ஹிப்புக்கு அனுப்பிப் பயனில்லை.

வாயை மட்டும் பற்றவைத்து மூடிவிட்டு அனுப்பலாமே என்று தோன்றும். அது தொழிலில் உள்ள வழிதான். ஆனால் மூடுவது டிக்காக இருந்தால் துளைக்குள் ஆர்கான் சிறைப்படும். ஆர்கான் டைட்டானியத்தில் கரையாது. தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை வெப்பத்தில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்ட வாயு, 900 °செ-க்குச் சூடாகும்போது நான்கு மடங்கு அழுத்தம் பெறும். வெளி அழுத்தம் ஆயிரம் மடங்கு என்பதால், கன அளவு ஏறத்தாழ 250-இல் ஒரு பங்காகச் சுருங்கும். விட்டத்தில் அது ஆறில் ஒரு பங்கு. 3 மி.மீ. துளை அரை மி.மீ. துளையாகிவிட்டது, ஆனால் மறையவில்லை. அதன் பிறகு தகைவு நீக்க 730 °செ-இல் சாதாரண உலையில் வைத்தால், வெளியே அழுத்தம் இல்லை. துளைக்குள்ளோ சுமார் 850 வளிமண்டலம். இளகிய உலோகத்தைத் தள்ளிக்கொண்டு அது மறுபடி ஊதும். தூள் உலோகவியலில் இந்த மறுவளர்ச்சி நன்கு அறியப்பட்ட ஒன்று.

இதனால்தான், ஹிப்புக்கு முன் மூடுவதாக இருந்தால் வெற்றிடத்தில் எலெக்ட்ரான் கற்றையால் மூட வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

சுடர்முனை எழுதியது:

கணக்குக்கு நன்றி, அதில் ஒரே ஒரு திருத்தம். மூடும் நொடியில் துளைக்குள் இருக்கும் வாயு அறை வெப்பத்தில் இருக்காது. உருகிய குட்டைக்கு ஓரிரு மி.மீ. கீழே அது ஏறத்தாழ 900 °செ-ஐத் தொட்டிருக்கும். அப்படியானால் அடைபடும் வாயுவின் அளவு நான்கில் ஒரு பங்கே. ஹிப்புக்குப் பின் விட்டம் பத்தில் ஒரு பங்காகும். ஆனாலும் நீங்கள் சொன்னதன் சாரம் மாறவில்லை. சுழியம் ஆகாத துளை என்றும் துளைதான்.

என் மறுப்பு வேறு இடத்தில். இந்த உறைக்கு ஹிப் தேவையா என்பதே என் கேள்வி. விமானத்தில் சுமை தாங்கும் வார்ப்படத்துக்கு ஹிப் இன்றி நான் கையெழுத்திட மாட்டேன். கோடிக்கணக்கான முறை மாறி மாறி வரும் சுமையில் ஒவ்வொரு நுண்துளையும் விரிசலுக்கு வித்து. எஃப்-22 போர் விமானத்தின் இறக்கை உடலோடு சேரும் இடத்திலுள்ள பெரிய டைட்டானியப் பாகங்கள் ஹிப் செய்த வார்ப்படங்களே. பம்பு உறையின் விளிம்புக்கு வேண்டியதோ கசியாமை, அரிப்பைத் தாங்குதல், போல்ட் இறுக்கத்தைத் தாங்குதல். அங்கே வாயை மூடி உள்ளே துளையை விட்டுவைப்பதைவிட, துளை முடியும் இடம் வரை தோண்டி, திட உலோகத்தைப் பார்த்த பின் நிரப்புவதே நேர்மையான வழி. மேலும் ஹிப்புக்குப் போனால், உள்ளே அடைபட்ட துளைகள் மூடும் இடங்களில் மேற்பரப்பு உள்வாங்கிக் குழி விழும். ஏற்கெனவே கடைந்து அளவாக்கிய உட்துளைகளின் அளவும் கெடலாம். போதாக்குறைக்கு மேற்பரப்பில் மெல்லிய ஆல்ஃபா மேலோடு, அதாவது ஆக்சிஜன் ஏறிக் கடினமான படலம், படியும். அதையும் எடுக்க வேண்டும்.

இரும்பில்லா_உலோகவியல் எழுதியது:

அளவு கெடும் என்பதை ஏற்கிறேன். ஆயினும், பஞ்சு போன்ற சுருக்கம் எங்கே முடிகிறது என்று கண்ணால் உறுதி செய்ய முடியும் என்பதை நான் ஏற்கவில்லை. பர் உலோகத்தை வெட்டும்போதே இழுத்துப் பூசிவிடுகிறது. பளபளப்பான அடியைப் பார்த்துத் திட உலோகம் என்று நம்பி நிரப்பி, பற்றவைத்த பின் குமிழிகளைப் பார்த்தவர்கள் உண்டு. சோதனைத் துறையில் இருப்பவர்கள் இதைப் பற்றிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பல்வார்ப்பு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் பல் மருத்துவ ஆய்வகத்தில் டைட்டானியச் சட்டங்களை வார்ப்பவன். எங்கள் வார்ப்படங்கள் உள்ளங்கையில் அடங்குபவை. ஒவ்வொன்றையும் எக்ஸ்ரேயில் பார்க்கிறோம். உள்ளே துளை இருந்தால், கொக்கி போன்ற மெல்லிய பகுதிகளில் சட்டத்தை ஒதுக்கிவிடுகிறோம், தடித்த பகுதிகளில் ஆர்கான் ஓட்டத்தின் கீழ் லேசர் துடிப்புகளால் நிரப்புகிறோம். சூடு மிகச் சிறிய இடத்தில் அடங்கிவிடுவதால் வடிவம் கோணாது. இதுவே லேசரின் பெரிய நன்மை. ஆனால் ஊடுருவல் ஓரிரு மி.மீ. மட்டுமே. 40 மி.மீ. விளிம்பில் அது பயன்படும் என்று தோன்றவில்லை. ஆல்ஃபா மேலோட்டை எடுக்காமல் பற்றவைத்தால் விரிசல் விடுகிறது என்பதை மட்டும் நாங்களும் பட்டே கற்றோம்.

ஒளித்தாள் எழுதியது:

சோதனைத் துறையிலிருந்து எழுதுகிறேன். எக்ஸ்ரேயில் தேறிய உறை கடைசலில் ஏன் தோற்றது என்று பம்புக்கூடு அவர்கள் வியந்திருப்பார். அதற்கு விடை எளிது. படத்தின் நுட்பம் பொதுவாகத் தடிப்பின் 2 விழுக்காடு. 40 மி.மீ. தடிப்பில் அது 0.8 மி.மீ. கதிரின் திசையில் அதைவிட மெல்லிய துளை படத்தில் பதியாமல் போகலாம். பஞ்சுச் சுருக்கம் தனித் துளையாகத் தெரியாமல் மங்கலான மேகமாகவே தெரியும். டைட்டானிய வார்ப்படங்களுக்கென்றே ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் இ1320 என்ற ஒப்பீட்டுப் படத் தொகுப்பு இருக்கிறது. உங்கள் படத்தை அதனோடு வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கதிர் விளிம்பில் எந்தத் திசையில் பாய்ந்தது என்பதையும் கேளுங்கள்.

உலோகவியல் நண்பர் சொன்ன பூச்சு உண்மை. எனவே தோண்டிய குழியை, நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் கலந்த நீரில் சில மைக்ரான் கரைத்து, பூசப்பட்ட உலோகத்தை நீக்கிய பின்பே நுண்துளைகளுக்குள் புகுந்து அவற்றைக் காட்டும் ஊடுருவு சாயத்தால் சோதிக்க வேண்டும். கரைக்காமல் செய்த சாயச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதற்குப் பொருளே இல்லை. இரண்டு அமிலங்களின் விகிதம் முக்கியம். நைட்ரிக் பத்துப் பங்கு, ஹைட்ரோஃபுளூரிக் ஒரு பங்கு என்ற அளவில் வைப்பது வழக்கம், ஏனென்றால் நைட்ரிக் குறைந்தால் உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சும். வார்ப்படத்தில் ஹைட்ரஜன் 150 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 150 பங்கு) தாண்டக் கூடாது என்பது ஏஎஸ்டிஎம் பி367 வைக்கும் எல்லை.

இந்த அமிலத்தை உங்கள் பட்டறையிலேயே கலக்கலாம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலில் பட்டவுடன் வலிக்காமலும் இருக்கலாம். ஆனால் உள்ளே இறங்கி எலும்பையும் இதயத்தையும் தாக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பும், பயிற்சி பெற்ற ஆட்களும், முறையான காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு அனுப்பிச் செய்யுங்கள்.

இன்னொன்று. பெனட்ரன்ட் எனப்படும் அந்த ஊடுருவு சாயம் எண்ணெய். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு ஆழம் அது ஏறும். அதன் மேல் அப்படியே பற்றவைத்தால், அந்த எண்ணெயிலிருந்து வரும் கரியும் ஹைட்ரஜனும் ஒட்டுக்குள் போய்க் குமிழியாகும். நீங்கள் கண்ட பழைய ஒட்டில் அப்படி நடந்ததா என்பதையும் பாருங்கள். சாயச் சோதனைக்குப் பின் கரைப்பானில் நன்றாக ஊறவைத்துக் கழுவி, கூடுமானால் வெற்றிடத்தில் சூடேற்றிக் காயவைத்த பின்பே டார்ச்சை எடுக்க வேண்டும்.

பற்றவைத்த பின் எடுக்கும் படத்தில் கறுப்புப் புள்ளி என்றால் துளை. வெண்மையான, கூர்மையான புள்ளி என்றால் டங்ஸ்டன். எலெக்ட்ரோடு குட்டையைத் தொட்டிருக்கிறது. அதைத் தோண்டி எடுக்காமல் விடக் கூடாது.

கம்பிச்சுருள் எழுதியது:

எல்லோரும் சொன்ன பிறகு நான் கேட்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஃபில்லர் கம்பி எது? எங்கள் இடத்தில் இஆர்டிஐ-5 மட்டுமே இருப்பு வைக்கிறோம். சிலர் இஆர்டிஐ-23 தான் வேண்டும் என்கிறார்கள்.

சுடர்முனை எழுதியது:

சிறிய விஷயம் இல்லை. இரண்டும் அதே 6-4 கலப்புலோகம்தான், வேறுபாடு ஆக்சிஜனில். 5-ஆம் எண் கம்பியில் 0.12 முதல் 0.20 விழுக்காடு வரை, 23-இல் 0.03 முதல் 0.11 வரை. பற்றவைக்கும்போது எவ்வளவு காத்தாலும் கொஞ்சம் ஆக்சிஜன் ஏறும். குறைவாகத் தொடங்கினால், ஏறிய பின்னும் ஒட்டு நெகிழ்வாக இருக்கும். நான் 23-ஐயே எடுப்பேன்.

இரும்பில்லா_உலோகவியல் எழுதியது:

ஆழமான குழியில் எனக்குத் தயக்கம் உண்டு. வார்ப்படத்தின் ஆக்சிஜன் 0.20-ஐ ஒட்டியிருந்து, நிரப்பியது 0.08-இல் இருந்தால், உலையில் சூடேற்றிப் பதப்படுத்திய பின் நிரப்பிய பகுதியின் வலிமை சுற்றியுள்ளதைவிடக் குறையலாம். ஒட்டியவுடன் அப்படித் தெரியாது; விரைவாகக் குளிர்ந்ததால் ஒட்டில் ஊசி போன்ற மார்ட்டென்சைட் அமைப்பு உருவாகி, வார்ப்படத்தின் பருத்த தட்டு அமைப்பைவிடக் கடினமாகவே இருக்கும். அப்படிப் பதப்படுத்தும்போதுதான் உண்மையான நிலை தெரியும். மெல்லிய, மேலோட்டமான நிரப்பலுக்கு 23, தடித்த நிரப்பலுக்கு வார்ப்படத்தின் சான்றிதழைப் பார்த்து 5 என்பது என் கருத்து. எதுவானாலும் கம்பியின் சான்றிதழும் வார்ப்படத்தின் சான்றிதழும் மேசையில் இருக்க வேண்டும்.

சுடர்முனை எழுதியது:

சான்றிதழைப் பார்த்து முடிவெடுப்பது என்றால் எனக்கு மறுப்பு இல்லை.

பம்புக்கூடு எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. முதலில் வாங்குபவரிடம் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டோம். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் தோண்டுகிறோம் என்று வரைபடத்தில் குறித்து அனுப்பினால் பற்றவைக்கலாம் என்று எழுத்தில் ஒப்புதல் தந்தார்கள். எக்ஸ்ரே படத்தை மறுபடி பார்த்ததில், ஒளித்தாள் அவர்கள் சொன்ன மங்கலான மேகம் இரண்டாவது உறையில் இருந்தது. முன்பு பார்த்தவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

நேற்று முதல் உறையின் காலிலிருந்த பழைய ஒட்டைத் தோண்டினோம். ஒட்டின் நடுவிலிருந்து ஓரம் வரை கடினச் சோதனை செய்தபோது, ஒட்டு சுற்றியுள்ள உலோகத்தைவிட மிகக் கடினமாக இருந்தது. 4 மி.மீ. ஆழத்தில் மயிரிழை போன்ற ஒரு விரிசல் நெடுக ஓடியது. மேலே வெள்ளியாக மின்னிய அதே ஒட்டின் கீழே.

ஒளித்தாள் எழுதியது:

இதைப் படித்தவுடன் எனக்கு 1989 ஜூலை 19 நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் சியூ நகரில் நொறுங்கிய யுனைடெட் 232 விமானத்தின் வால் இயந்திரத்தில், 6-4 டைட்டானியத்தாலான விசிறித் தட்டு பறக்கும்போதே உடைந்து, திசைதிருப்பும் நீரியல் குழாய்களை அறுத்தது. 296 பேரில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தட்டு வார்ப்படம் அன்று, அடித்து உருவாக்கியது. ஆனால் வித்து உருக்கும்போதே விழுந்தது. நைட்ரஜன் ஏறிய ஒரு கடினத் துணுக்கு உலோகத்தில் தங்கி, பிறகு அது கழன்ற சிறு குழியிலிருந்து விரிசல் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. காற்றுப் புகுந்த ஒட்டில் நாம் செய்வதும் அதே வகைப் பொருளைத்தான். உங்கள் உறையில் உயிர் ஆபத்து இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் தூரிகையைப் பிடித்தவர் நாளை எந்தப் பாகத்தைப் பிடிப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அவரிடம் கோபப்படாமல், ஆனால் நேராக, இந்த விரிசலின் படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பம்புக்கூடு எழுதியது:

ஆறு வாரங்களுக்குப் பின் திரும்பி வந்து எழுதுகிறேன்.

முதல் உறையின் விளிம்புத் துளை 7 மி.மீ. ஆழத்தில் முடிந்தது. அமிலத்தில் கரைத்து, சாயத்தால் பார்த்து, மறுபடியும் ஒரு மி.மீ. தோண்டி, மறுபடி பார்த்தோம். இரண்டாம் முறை சுத்தமாக இருந்தது. வார்ப்படத்தின் சான்றிதழில் ஆக்சிஜன் 0.17 என்று இருந்ததால், விளிம்புக்கு 5-ஆம் எண் கம்பியும், காலில் மேலோட்டமாக மிஞ்சிய குழிக்கு 23-ஆம் எண் கம்பியும் எடுத்தோம். கையுறைப் பெட்டி உள்ள ஒரு பட்டறையில் பற்றவைத்தார்கள். முதல் நாள் சோதனைத் துண்டு வைக்கோல் நிறத்தில் வந்ததால் அன்று வேலையைத் தொடங்கவே இல்லை. பெட்டியின் கையுறை ஒன்றில் ஊசித்துளை இருந்தது. மாற்றிய பின் வெள்ளி வந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் 100 °செ-க்குக் கீழே ஆற விட்டு, ஐந்து அடுக்குகளாக நிரப்பினார்கள்.

அதன் பின் வெற்றிட உலையில் 730 °செ, 2 மணி நேரம். தகைவும் நீங்கட்டும், அமிலத்தில் ஏறியிருக்கக்கூடிய ஹைட்ரஜனும் வெளியேறட்டும் என்று உலோகவியல் நண்பர் தனிச் செய்தியில் சொன்னபடி வெற்றிடத்தையே வற்புறுத்தினோம். எக்ஸ்ரேயிலும் சாயத்திலும் குறை இல்லை. முகத்தில் மிச்சமிருந்த 1.5 மி.மீ. கடைந்த பின் மறுபடி சாயம் பார்த்தோம். நீரழுத்தச் சோதனையில் கசியவில்லை. வரைபடத்தில் இரண்டு ஒட்டுகளையும் குறித்து, படங்களோடு சேர்த்து வாங்குபவரிடம் கொடுத்தோம்.

இரண்டாவது உறை தேறவில்லை. ஓரிடத்தில் 9 மி.மீ.-இல் முடிந்தது, மற்றதில் 26 மி.மீ. தோண்டியும் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. 40-இல் 26 போன பிறகு, விளிம்பையே புதிதாகக் கட்டுவது போல் ஆகிவிடும் என்று சுடர்முனை ஐயா தொலைபேசியில் சொன்னதை ஏற்று அங்கேயே நிறுத்தினோம். எலெக்ட்ரான் கற்றையால் மூடி ஹிப் செய்யலாமா என்றும் விசாரித்தோம். உட்துளைகள் ஏற்கெனவே முடிந்த அளவில் இருப்பதால் முடியாது என்று தெரிந்தது. இனி வரும் உறைகளைக் கடைவதற்கு முன்பே ஹிப் செய்து தர வேண்டும் என்றும், விளிம்பை இரண்டு திசைகளில் படமெடுக்க வேண்டும் என்றும் கொள்முதல் ஆணையில் சேர்த்துவிட்டோம்.

அந்த உறையை எடைக்குப் போடவில்லை. விளிம்பை அறுத்து, 26 மி.மீ. குழியின் குறுக்குவெட்டை மெருகிட்டுப் பட்டறை மேசையில் வைத்திருக்கிறோம். மீதியைத் துண்டுகளாக்கி, எங்கள் பற்றவைப்பாளர்கள் இருவரும் பின்தொடர் கவசத்தோடு பழகுவதற்குக் கொடுத்திருக்கிறேன். பழைய ஒட்டைத் துடைத்தவருக்கும், வார்த்துக் கொடுத்தவர்கள் மூலமாக, விரிசலின் படத்தை அனுப்பினோம். அடுத்த உறையை ஊற்றும்போது தாமே வந்து கையுறைப் பெட்டியில் பழக விரும்புவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.